யாருடைய வெள்ளிக்கிழமை

அறுபதுகளில் லிவர்ப்பூலில் தொடங்கி உலகம் பூராவும் நான்கைந்து பையன்கள் சேர்ந்து, கிதாரை மாட்டிக்கொண்டு, தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிப் பாடினார்கள். தமிழில் மட்டும் ஏன் அது நடக்கவில்லை என்று கவிஞர் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார். பதிலையும் அவரே வைத்திருந்தார். நம்மிடம் கிதார் இல்லை, பணம் இல்லை, சினிமா இருந்தது. மூன்றும் பாதி உண்மை. கிதார் இருந்தது. பணம் அந்தப் பையன்களில் பெரும்பாலோரிடமும் இல்லை. சினிமா இருந்தது வாஸ்தவம். ஆனால் எல்லாவற்றுக்கும் சினிமாவைக் குற்றம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்குப் பழகிப்போன சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்கு எதிராக இதை எழுதுகிறேன். எனக்கே எதிராகவும் எழுதுகிறேன் என்பது முடிவில் தெரியும்.

நண்பர் உதாரணமாகச் சொன்னது ஆஸ்திரேலியாவின் ஈஸிபீட்ஸ் குழு. உதாரணம் அவர் நினைத்ததைவிட நல்ல உதாரணம். 1964-ல் சிட்னியின் புறநகரான வில்லாவுட்டில், அரசாங்கம் குடியேறிகளுக்காக நடத்திய விடுதியைச் சுற்றி உருவான குழு அது. அரைவட்டத் தகரக் கூரை போட்ட கொட்டகைகளில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டிருந்தன. குழுவில் ஐந்து பேர். ஒருவர்கூட ஆஸ்திரேலியாவில் பிறக்கவில்லை. பாடகர் ஸ்டீவி ரைட் பிறந்தது இங்கிலாந்தின் லீட்ஸில். ஜார்ஜ் யங் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். டிரம் வாசித்த ஸ்னோவி ஃப்ளீட் லிவர்ப்பூல்காரர். ஹாரி வாண்டாவும் டிக் டயமண்டும் ஹாலந்துக்காரர்கள். வாண்டாவுக்கு ஆங்கிலமே பிற்பாடு கற்ற மொழி. ஆக, ஆஸ்திரேலியாவின் முதல் பெரிய பீட் குழு என்று சொல்லப்படுவது வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகள், சொந்தமில்லாத ஊரில், சொந்தமில்லாத கூரையின் கீழ் சேர்த்துக்கொண்ட குழு.

அவர்களுடைய ஏற்றம் வேகமானது. பழைய இசைப் பதிப்பகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த டெட் ஆல்பர்ட் அவர்களைக் கேட்டு ஒப்பந்தம் போட்டார். 1965-ல் நாடு முழுதும் பெயர். 1966-ல் லண்டனுக்குப் போனார்கள். அதே வருஷம் வாண்டாவும் யங்கும் எழுதிய 'ஃப்ரைடே ஆன் மை மைண்ட்' வந்தது. பிரிட்டனில் ஆறாவது இடம், அமெரிக்காவில் பதினாறாவது. அதற்குப் பிறகு அந்த உயரத்துக்கு மறுபடி எட்ட முடியாமல் 1969-ல் கலைந்தார்கள். ஜார்ஜ் யங்கின் தம்பிகள் 1973-ல் ஏசி/டிசி என்ற குழுவைத் தொடங்கியதும், ஆரம்ப இசைத்தட்டுகளை அண்ணனும் வாண்டாவும் தயாரித்துக் கொடுத்ததும் வேறு கதை.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒரு பாட்டுத்தான். விஷயம் மிகச் சாதாரணமானது. வாரம் முழுக்க முதலாளியிடம் வேலை செய்கிற ஒருவன் வெள்ளிக்கிழமை மாலைக்காகக் காத்திருக்கிறான். அவ்வளவுதான். ஆனால் பாட்டின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் கிதார் ஒரு சின்னத் துணுக்கை இறுக்கமாகத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. கடிகாரம் மாதிரி என்று சொல்லலாம். அதைவிட, மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறவன் மாதிரி. குரல் திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொரு கிழமையாக ஏறுகிறது. ஏற ஏற ஸ்தாயியும் இறுக்கமும் கூடுகிறது. வெள்ளி வந்ததும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி பல்லவி வெளியே பாய்கிறது. காத்திருப்பதைப் பற்றிப் பாடுவதோடு நிற்காமல், கேட்கிறவனையும் காக்க வைக்கிறது பாட்டு. உருவமும் உள்ளடக்கமும் என்று நாம் ஐம்பது வருஷமாகப் பத்திரிகைகளில் அடித்துக்கொண்ட விஷயத்தை அந்தப் பையன்கள் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். சந்தையில் விற்பதற்காகச் செய்த சரக்கு என்பதும் உண்மை. அதனால் இது இல்லாமல் போய்விடவில்லை.

இனி நெய்வேலிக்கு வருகிறேன். நான் பிறந்து வளர்ந்ததும், இப்போது வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பதும் இங்கேதான். இதுவும் ஒரு வில்லாவுட் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. ஜெர்மன் இயந்திரங்கள் மண்ணை வாரின. ரஷ்யர்களின் உதவியோடு அனல்மின் நிலையம் எழுந்தது. கிராமங்கள் எடுபட்ட இடத்தில் எண் போட்ட வட்டங்களும் ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸுகளும் வந்தன. பல மாவட்டத்துத் தமிழும் மலையாளமும் தெலுங்கும் ஒரே குழாயடியில் கலந்தன. ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். ஆகவே இங்கே பிறந்தவனுக்கும் இது சொந்த ஊர் என்று சொல்வதில் ஒரு தயக்கம் உண்டு. அறுபதுகளில் குழு ஒன்று முளைக்கத் தகுந்த மண் என்றால் இது தகுந்த மண்தான்.

ஆனால் இந்த மண்ணில் அந்த வெள்ளிக்கிழமை இல்லை. ஷிப்ட் வேலைக்காரனுக்கு வாரம் திங்களில் தொடங்கி வெள்ளியில் முடிவதில்லை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று சுழல்கிறது. வார ஓய்வு ஆளுக்கு ஒரு நாள். என் அப்பாவுக்குப் பல வருஷம் புதன்கிழமை. எங்கள் வீட்டில் விருந்து, சினிமா, சண்டை எல்லாம் புதன்கிழமைதான். தமிழில் வெள்ளிக்கிழமை என்பதே வேறு பொருள்: தலைக்குக் குளித்துக் கோவிலுக்குப் போகிற நாள், வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாத நாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பணம் எடுக்க வேண்டாம், நாளைக்கு வர்றேன்" என்று கவுண்டர் வரை வந்து திரும்பிப்போகிற பெண்களை இன்றும் பார்க்கிறேன். ஆகவே ஈஸிபீட்ஸின் பாட்டை நெய்வேலியில் ஒருவன் அட்சரசுத்தமாகப் பாடினால் அது இன்னொருவனுடைய வாரத்தைப் பாடுவதாகத்தான் இருக்கும். பீட் என்பது கிதாரிலோ தலைமுடியின் நீளத்திலோ இல்லை. தன் வாரத்தைத் தன் வாயால், நாலு பேராகச் சேர்ந்து சொல்வதில் இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் அறுபதுகளைப் பார்த்தால் நண்பர் சொன்னதற்கு வேறான ஒரு சித்திரம் கிடைக்கிறது.

முதலில் கிதார் இருந்தவர்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா, பெங்களூர், ஷில்லாங் எல்லா இடத்திலும் குழுக்கள் இருந்தன. ஒரு சிகரெட் கம்பெனி தன் 'சிம்லா' சிகரெட்டுக்கு விளம்பரமாக அகில இந்திய பீட் போட்டி நடத்தியது. 1970-லும் 1971-லும் போட்டிக் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து இசைத்தட்டுகள் வந்தன. இப்போது கைபேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன, கேட்டேன். வாசிப்பில் குறை சொல்ல இடமில்லை. சில இடங்களில் அசல்களைவிட முரட்டு உயிர் இருக்கிறது. ஆனால் பாடுவதெல்லாம் ஆங்கிலம். சில பாட்டுகள் அமெரிக்கக் குழுக்களுடையவை. சொந்தமாக எழுதியவற்றிலும் தெரு, பெண், துக்கம் எல்லாம் இசைத்தட்டு வழியாக வந்து சேர்ந்தவை. சிகரெட்டின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஒரு துண்டும் உண்டு. நம் ஊர் சம்பந்தப்பட்ட பெயர் அதில் அநேகமாக அது ஒன்றுதான். அவர்களைப் பரிகசிக்க நான் யார்? பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, பார்த்தேயிராத ஏப்ரல் மாதத்துப் பனியைப் பற்றிக் கவிதை எழுதினவன் நான்.

இதே சமயத்தில் பம்பாய் சினிமா செய்த ஒரு காரியம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1965-ல் வந்த 'கும்நாம்' படத்தின் ஆரம்பத்தில் டெட் லயன்ஸ் அண்ட் ஹிஸ் கப்ஸ் என்கிற நிஜமான பீட் குழு வருகிறது. கிளப் காட்சி. கிதாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு வெறியோடு ஆடிப் பாடுகிறார்கள். எல்லோர் முகத்திலும் கண்ணை மறைக்கிற முகமூடி. குரலோ அவர்களுடையதல்ல, முகமது ரஃபியுடையது. இசை சங்கர் - ஜெய்கிஷன். நல்ல பாட்டு, 2001-ல் ஒரு அமெரிக்கப் படம் அந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது. ஆனால் ஒரு குழுவை எடுத்து, முகத்தை மூடி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லி, வேறு குரலை வைத்துவிட்ட அந்தக் காட்சி இந்திய பீட் இசையின் சரித்திரத்தையே சொல்லிவிடுகிறது. பின்னணிப் பாடல் என்கிற ஏற்பாட்டில் எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் ஒருவர். நாலு பேரும் ஒரு கொட்டகையில் ஒன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் அல்ல. தமிழில் 'காதலிக்க நேரமில்லை' (1964) முதலிய படங்களில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி அந்தத் துள்ளலை அற்புதமாக எடுத்துக்கொண்டார்கள். துள்ளல் வந்தது. குழு வரவில்லை.

அப்படியானால் தமிழில் குழுவே இல்லையா? இருந்தது. கிதாரை மட்டும் தேடிக்கொண்டிருந்ததால் அது நம் கண்ணில் படவில்லை. பண்ணைப்புரத்தின் பாவலர் சகோதரர்களைச் சொல்கிறேன். மூத்தவர் பாவலர் வரதராசன். தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன். கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில், ஹார்மோனியமும் தாளமுமாக ஊர் ஊராகப் போனவர்கள். 1958-ல் கேரளத்தில் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே வரதராசன் பாடியது இன்றும் பேசப்படுகிறது. அங்கேயும் பாருங்கள்: பிழைக்கப் போனவர்கள், கம்பெனியின் லயன் வீடுகள், சொந்தமில்லாத மலை. மெட்டு பல சமயம் ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டு, வார்த்தை வரதராசனுடையது. சிம்லா போட்டிக்குப் போன குழுக்கள் செய்ததற்கு நேர் எதிர். அவர்கள் வாத்தியத்தை வசப்படுத்திக்கொண்டு வார்த்தையைக் கடன் வாங்கினார்கள். இவர்கள் மெட்டைக் கடன் வாங்கிக்கொண்டு வார்த்தையைத் தங்களுடையதாக வைத்துக்கொண்டார்கள். கேட்டவர்கள் தங்கள் கூலியையும் தங்கள் கங்காணியையும் அதில் அடையாளம் கண்டார்கள்.

இது பிரச்சாரம், கலை அல்ல என்று நம்மவர்கள் சொல்வார்கள். அந்த வாக்கியத்தை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் என்பது வேறு விஷயம். கட்சி மேடைக்காக எழுதினதெல்லாம் கவிதை என்று நானும் வாதாட மாட்டேன். நான் சொல்ல வருவது, குழு என்கிற உருவம் அங்கே இருந்தது என்பதை மட்டுமே: ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே பஸ், தாங்களே எழுதித் தாங்களே பாடுவது, எதிரே தங்களைப் போன்ற ஜனம். 1968-ல் தம்பிகள் சினிமாவுக்காகச் சென்னை வந்தார்கள். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். வேறு இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிதாரும் காம்போ ஆர்கனும் வாசித்தார். 1973-ல் வரதராசன் காலமானார். 1976-ல் 'அன்னக்கிளி'. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த மகத்தான கதை. அந்த மகத்துவத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு தனி மேதையின் கதை. குழுவின் கதை அதற்குமுன் முடிந்துவிட்டது. இதில் துக்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், சகோதரர்களின் வாழ்க்கையைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை. நாம் இழந்தது அடுத்து வரவேண்டிய பத்துக் குழுக்களை.

கடலுக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனெஸ்லி மாலேவனவும் அறுபதுகளின் நடுவில் மூன்ஸ்டோன்ஸ் என்ற குழுவை அமைத்து, எலெக்ட்ரிக் கிதாரோடு, சாதாரணப் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் சிங்களத்தில், தாங்களே எழுதின பாட்டுகளைப் பாடினார்கள். அதுவரை சிங்கள சினிமாப் பாட்டுகளில் கணிசமானவை ஹிந்தி, தமிழ் மெட்டுகளின் மேல் கட்டப்பட்டவை. வானொலி அறிவிப்பாளர் விஜய கொரேயா இந்தப் பையன்களைக் கேட்டு ஒலிபரப்புக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரரான நித்தி கனகரத்தினம் தமிழில் பாடத் தொடங்கினார். அவரைக் குழு என்று சொல்ல முடியாது; தனிப் பாடகர். ஆனால் மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கிற, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்கிற அந்தப் பாட்டுகளின் தமிழ் பள்ளிக்கூடத்துத் தமிழும் அல்ல, கோடம்பாக்கத்துத் தமிழும் அல்ல. படலையடியில் நின்று பேசுகிற தமிழ். போர்த்துக்கேயர் விட்டுப்போன பைலா தாளத்தின் மேல் அது கூச்சமில்லாமல் ஏறி உட்கார்ந்தது. குடிக்காதே என்கிற பாட்டுக்குக் குடித்துவிட்டு ஆடினார்கள் என்பதும் அதன் பெருமையில் சேர்த்திதான். பொப் இசை என்று அதற்கு அங்கே பெயர். அவர் பிற்பாடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபெயர்ந்தார். வில்லாவுட்டில் தொடங்கிய இந்தக் கட்டுரைக்கு இது ஒரு தற்செயலான ஒற்றுமை. இதில் நான் பெரிதாக அர்த்தம் எதுவும் தேடவில்லை.

ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்தப் படத்தில் ஒலிக்கும் குரல் மனோகரனுடையதல்ல. 'கும்நாம்' முகமூடி ஞாபகத்துக்கு வருகிறது. மனோகரன் 2018-ல் சென்னையில் காலமானபோது பத்திரிகைகள் அந்த ஒரு பாட்டைச் சொல்லியே அவரை அடையாளம் காட்டின.

இந்த உதாரணங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலனாகிறது. குழு தானாக எழும்புவதில்லை. முதலில் கேட்கிற ஒருவர் தேவைப்படுகிறார். டெட் ஆல்பர்ட் கேட்டார். விஜய கொரேயா கேட்டார். வரதராசனை ஒரு கட்சியின் கூட்டம் கேட்டது. முதல் கேட்பு என்பது ரசிப்பு அல்ல. ரசிகர்கள் பிற்பாடு தாமாக வருவார்கள். இதற்கு முன்மாதிரி இல்லை என்று தெரிந்தும், 'இது இருக்கிறது' என்று ஒப்புக்கொள்வதுதான் முதல் கேட்பு. விமர்சகனின் வேலையும் இதுதான் என்று இந்தப் பக்கங்களில் நாம் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம்.

நெய்வேலியில் எழுபதுகளிலிருந்து மெல்லிசைக் குழுக்கள் உண்டு. இலங்கை வானொலி இந்தக் கடலூர்ப் பக்கத்தில் உள்ளூர் நிலையம் மாதிரி கேட்கும் என்பதால் பொப் பாட்டும் எங்கள் அப்பாக்களின் காதில் விழுந்ததுதான். ஆனால் எங்கள் குழுக்களின் லட்சியம் ஒன்றே ஒன்று: இசைத்தட்டு போலவே வாசிப்பது. "அப்படியே இருந்துச்சு சார்" என்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கவுண்டரில் நான் செய்கிற வேலையும் அதுதான். காசோலையில் இருக்கிற கையெழுத்தையும் மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒத்துப்போனால் பணம், வித்தியாசமாக இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். வங்கிக்கு இது நியாயமான முறை. கலைக்கும் இதையே முறையாக்கிக்கொண்ட சமூகத்தில் புதுக் கையெழுத்து ஒவ்வொன்றும் மோசடியாகத்தான் தெரியும்.

இப்போது எனக்கு எதிரான பகுதி.

2010-ல் எனக்கு இருபத்தோரு வயது. என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் கிதார் வாசிப்பான். அவன் அப்பாவும் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மொட்டை மாடியில் பயிற்சி செய்துகொண்டிருந்தான்; டிரம்முக்குப் பதில் தண்ணீர்க் கேன். ஒருநாள் அவனாக எழுதிய பாட்டு என்று ஒன்றைப் பாடிக் காட்டினான். சி ஷிப்ட் முடித்து விடிகாலையில் வந்து பகலில் தூங்குகிற புருஷனுக்காக வீட்டையே ஊமையாக்கி வைத்திருக்கிற ஒரு பெண்ணின் பாட்டு. பிள்ளைகளை வெளியே விரட்டுகிறாள். காய்கறிக்காரனைச் சைகையால் நிறுத்துகிறாள். பாத்திரத்தைத் துணி போட்டு வைக்கிறாள். பல்லவியில் குக்கரைக் கெஞ்சுகிறாள்:

விசில் போடாதே குக்கரே - அவரு
விடிஞ்சப்புறம்தான் வந்தாரு.

நான் அப்போது சிறுபத்திரிகைகளை வெறியோடு படிக்க ஆரம்பித்திருந்தேன். வார்த்தைகளைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். படித்துவிட்டு, எதுகைக்காகத் திணறியிருக்கிறது, சினிமாப் பாட்டின் சாயல் இருக்கிறது, குக்கர் கொச்சையாக இருக்கிறது என்று சொன்னேன். தாராள மனசோடு பென்சிலால் திருத்தியும் கொடுத்தேன். 'கொதிக்கும் மௌனம்' என்று ஒரு படிமம் போட்டேன். 'நீராவியின் சிறை' என்று இன்னொன்று. அவன் எதிர்த்துப் பேசவில்லை. "நீ படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். திருத்திய வார்த்தைகள் மெட்டில் உட்காரவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அந்த வருஷம் ஒரு கலை நிகழ்ச்சியில் அவர்கள் வாசித்தது இளையராஜாவின் மூன்று பாட்டுகள். அப்படியே இருந்தது. நானும் கைதட்டினேன்.

எனக்குப் புரியாமல் போனது என்ன என்று தெரிய வெகு வருஷம் ஆயிற்று. சென்ற மாதம், நண்பரின் கேள்விக்காக ஈஸிபீட்ஸின் பாட்டைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் திடீரென்று மொட்டை மாடி ஞாபகம் வந்தது. அவன் பாட்டில் கிதார் ஒரே இடத்தில் சின்னதாக, மூடிய சத்தத்தில் தட்டிக்கொண்டே இருக்கும்; உள்ளங்கையால் தந்தியை அழுத்திக்கொள்வான். ஒவ்வொரு அடியிலும் வேகம் ஏறும். விசில் வர வேண்டிய இடம் வந்ததும் எல்லாம் நின்றுவிடும். கிதார், கேன், குரல் எதுவும் இல்லை. இரண்டு மாத்திரை வெறுமை. பிறகு மறுபடி முதலிலிருந்து, மெதுவாக. ஈஸிபீட்ஸின் காத்திருப்பு பல்லவியில் வெடித்துத் தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அந்த வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. இவனுடைய வாரத்துக்கு அது இல்லை. நாளைக்கும் சி ஷிப்ட். ஆகவே வெடிப்பு வர வேண்டிய இடத்தில் அவன் மௌனத்தை வைத்தான். 'கொதிக்கும் மௌனம்' என்று நான் தாளில் எழுதின சமாசாரம் பாட்டில் ஏற்கெனவே இருந்தது. நான் அதைக் கேட்காமல், படித்தேன்.

இதில் மன்னிக்க முடியாதது இன்னொன்று. அந்த வீடு என் வீடும்தான். அப்பா தூங்குகிற பகலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தவன் நான். அம்மா குக்கரில் சமைக்காமல் பானையில் சோறு வடித்த மத்தியானங்கள் எத்தனை. தாளில் படித்தபோது அவற்றில் ஒன்றுகூட என் நினைவில் எழவில்லை. எலியட்டின் லண்டன் மூடுபனிதான் எழுந்தது.

இதை ஒரு தனிமனிதப் பாவமன்னிப்பாக முடித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. இது நம் எல்லோருடைய பழக்கம். ஈஸிபீட்ஸுக்கு இரண்டு வருஷம் முன்னால், 1962-ல், 'எழுத்து' பிரசுரமாக வந்த கவிதைத் தொகுப்புக்குப் 'புதுக்குரல்கள்' என்று பெயர். யாப்பை விட்டு வெளியே வந்தது அவசியமாக இருந்தது. அந்த விடுதலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஞானக்கூத்தன் போன்ற சிலர் சந்தத்தைக் கைவிடாமல் வைத்திருந்ததும் நினைவில் இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் என்ன நடந்தது? குரல் என்று பெயர் வைத்துவிட்டுக் கண்ணுக்காக எழுதினோம். ஓசை என்றாலே மேடை, மேடை என்றாலே கோஷம், கோஷம் என்றாலே போலி என்று ஒரு சங்கிலி நமக்குள் ஓடியது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் அந்தந்தக் காலத்தில் காரணம் இருந்தது. சேர்த்துப் பார்த்தால், நம் விமர்சனத்துக்குக் காது மந்தமாகிவிட்டது. வரதராசனைப் பற்றியோ நித்தி கனகரத்தினத்தைப் பற்றியோ நம் பத்திரிகைகள் எவ்வளவு எழுதியிருக்கின்றன என்று யாராவது பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கட்டும். சினிமா அவர்களை எடுத்துக்கொண்டது என்று புகார் சொல்கிறோம். சினிமாவாவது கேட்டது.

நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். தமிழில் குழு வராமல் போகவில்லை. வந்து வந்து போயிருக்கிறது. முதலில் கேட்க வேண்டியவர்கள் மாதிரிக் கையெழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜனங்களிடம் இருந்த மாதிரி சினிமா இசைத்தட்டு. நம்மிடம் இருந்தது இங்கிலீஷ் கவிதை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை எழுத ஆரம்பித்த பிறகு அவனைத் தேடிப் போனேன். இப்போது கல்யாணங்களுக்கு வாசிக்கிற ஒரு ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறான். பகலில் எலெக்ட்ரிகல் கடை. குக்கர் பாட்டு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான். "அத விடுப்பா, சின்னப்பசங்க வேலை" என்றான். என் பென்சில் திருத்தங்கள்தான் அவனுக்கு ஞாபகம் இருந்தன. தன் வார்த்தைகள் இல்லை. பல்லவி இரண்டு அடியையும் நான்தான் அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கல்லா மேஜையின் மேல் இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தான். அந்த மூடிய சத்தம், ஏறுகிற வேகம். விசில் வர வேண்டிய இடத்தில் விரல் நின்றது. அந்த நேரம் பார்த்துக் கடைக்கு ஆள் வந்துவிட்டது.